காலியாக விட முடியாத கட்டம்

வல்சலா சேச்சியைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்ல எங்கள் ஆஸ்பத்திரியில் ஆள் தேட வேண்டும். கேரளத்துப் பெரும்பாவூரில், பதிவுக் கவுன்ட்டரில் பதினேழு வருஷம் அவருக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்தவள் நான். அவர் மூன்றாம் நம்பர், நான் நான்காம் நம்பர். கம்பத்திலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவள் என்பதால் முதல் நாளே என்னைப் பார்த்து, "பேச்சின்னு பேரு வச்சுக்கிட்டு வாயத் திறக்க மாட்டேங்குற. இங்க பேசணும். இல்லேன்னா உன் தலையில ஏறி உக்காந்துடுவாங்க" என்றார். அவர் என்னிடம் சொன்னதிலேயே கனிவான பேச்சு அதுதான் என்று நினைக்கிறேன்.

யாரையும் உட்காரச் சொல்ல மாட்டார். "கொஞ்சம் சீக்கிரம்" என்று யாராவது கேட்டால், "சீக்கிரம் வேணும்னா நேத்தே வந்திருக்கணும்" என்பார். டாக்டர்களின் பெண்டாட்டிமார் வரிசையில் நிற்காமல் பக்கவாட்டில் வந்து கையை நீட்டினால், அந்தக் கையைப் பார்க்கவே மாட்டார். நீட்டிய கை வலித்து அவர்களே மடக்கிக்கொள்வார்கள். குறுப்பம்படியில் தனியாக இருந்தார். கல்யாணம் ஆகி நாலாம் வருஷம், ஒரு திங்கட்கிழமை காலையில் புருஷனின் துணிமணியை இரண்டு பைகளில் அடைத்து வாசலில் வைத்துப் பூட்டிவிட்டு, வழக்கம்போல் எட்டு மணி பஸ்ஸில் வேலைக்கு வந்தவர். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. கேட்கும் தைரியம் யாருக்கும் இல்லை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். பிளைவுட் கம்பெனிகளில் வேலை செய்யும் வெளியூர்க்காரர்கள் வந்தால் மட்டும் அவர் பேசும் விதம் மாறும். குரல் அதே முரட்டுக் குரல்தான். ஆனால் அவர்கள் பாஷையில் பேசுவார். ஒரியாவில் ஊர் கேட்பார், வங்காளத்தில் வயசு கேட்பார், அசாம்காரன் பேரை அவன் வீட்டில் கூப்பிடுவது போலவே உச்சரிப்பார். மற்ற நாங்கள் எல்லாம் அவர்களை 'பாய்' என்று ஒரே பெயரில் எழுதிவிடப் பார்ப்போம். சேச்சி விட மாட்டார். "அவனுக்கு அப்பா அம்மா ஒரு பேர் வச்சிருக்காங்க. அதைக் கேட்டு எழுது" என்பார்.

பழைய சிவப்புப் பேரேட்டில் 'உறவினர், தொலைபேசி எண்' என்று ஒரு கட்டம் உண்டு. கூட யாரும் வராதவனுக்கு அந்த இடத்தில் சேச்சி ஒரு கோடு போடுவார். படுக்கைக் கோடு, ஒரு விரல் நீளம். அந்தக் கோடு எங்கள் ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் தெரிந்த பாஷை. கோடு இருந்தால் ஆள் இல்லை. ஆபரேஷன் வேண்டியிருந்தால் இரண்டு டாக்டர்கள் கையெழுத்துப் போட்டு உள்ளே கொண்டுபோகலாம். யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம்.

பேரேடு போய்க் கம்ப்யூட்டர் வந்தது, அது பழசாகி ஒரு ஜூன் மாதம் புதுசு வந்தது. புதுசைச் செய்துகொடுத்தது கொச்சியில் ஒரு கம்பெனி. அங்கிருந்து வந்த பையன் பெயர் விபின்தாஸ். பையன் என்கிறேன், முப்பது வயசு இருக்கும். திரிப்பூணித்துறைக்காரன். கழுத்தில் அடையாள அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு, எங்கள் நாற்காலிகளுக்குப் பின்னால் நின்று, தோளுக்கு மேலே கையை நீட்டி எங்கள் மவுஸை அவனே நகர்த்துவான். சேச்சிக்கு முதல் நாளே அது பிடிக்கவில்லை.

"மோனே, கையை எடு. வாயால சொல்லு, நான் நகர்த்துறேன்."

"டைம் ஆகும் சேச்சி."

"எனக்கு ஆகட்டும். உனக்கு என்ன அவசரம், தோணி ஏறப் போறியா?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவன் காது சிவந்தது. பகை அங்கே ஆரம்பித்தது என்று சொல்லலாம்.

புதுப் பக்கத்தில் உறவினரின் தொலைபேசி எண் கட்டத்துக்கு மேலே ஒரு சிவப்பு நட்சத்திரம் இருந்தது. அதை நிரப்பாமல் 'பதிவு செய்' பொத்தானை அழுத்தினால் பக்கம் அப்படியே நிற்கும். 'இந்தக் கட்டத்தை நிரப்பவும்' என்று ஒரு சின்னக் குமிழ் முளைக்கும். அதை நிர்வாகம்தான் கேட்டது. முந்தின வருஷம் ஒரு கிழவி இறந்தபோது மகன்களுக்குத் தகவல் போகவில்லை என்று பெரிய ரகளை. அதனால் நிர்வாக அதிகாரி பவுலோஸ் சார், "ஒருத்தருக்கும் விடுபடக் கூடாது" என்று சொல்லியிருந்தார். விபின்தாஸ் அதைச் செய்துகொடுத்தான்.

முதல் வாரத்திலேயே ஒரு வங்காளி வந்தான். கை வீங்கியிருந்தது. போன் இல்லை, கூட ஆள் இல்லை, கான்ட்ராக்டர் கேட்டிலேயே இறக்கிவிட்டுப் போய்விட்டான். சேச்சி அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டார். பக்கம் நகரவில்லை. விபின்தாஸைக் கூப்பிட்டார்.

"இவனுக்கு ஆள் இல்லை. என்ன எழுதட்டும்?"

"ஏதாவது நம்பர் இருக்கும் சேச்சி. கேளுங்க."

"கேட்டாச்சு. ரெண்டு பாஷையில கேட்டாச்சு. இல்லை."

அவனுக்கு அன்றைக்கு என்ன தோன்றியதோ, தன் கெட்டிக்காரத்தனத்தைக் காட்ட ஆசைப்பட்டான். ஏதோ இரண்டு பட்டன்களை அழுத்தி, பக்கத்தின் உள்ளே எழுதியிருந்த வரிகளைத் திறந்து காட்டினான். சீப்புப் பல் மாதிரி அடுக்கடுக்காக இங்கிலீஷ் வரிகள். அந்தக் கட்டத்துக்கு உரிய வரியின் கடைசியில் விரலை வைத்தான். 'ரிக்வயர்ட்' என்று இருந்தது. வேண்டும், கட்டாயம் என்று அர்த்தம்.

"இந்த ஒரு வார்த்தை இருக்கிற வரைக்கும் நீங்க தலைகீழா நின்னாலும் பக்கம் நகராது சேச்சி."

"ஒரு வார்த்தையா?"

"ஒரே ஒரு வார்த்தை."

"அப்ப அதை எடு."

"அப்படியெல்லாம் எடுக்க முடியாது. பின்னாடி நிறைய இருக்கு. உங்களுக்குப் புரியாது."

சேச்சி அவன் போனதும் அந்தக் கட்டத்தில் ஒரு புள்ளி வைத்தார். பக்கம் நகர்ந்தது. எனக்கும் கற்றுக்கொடுத்தார். ஒரு மாதம் நாங்கள் எல்லாக் கவுன்ட்டரிலும் புள்ளி வைத்தோம்.

அடுத்த முறை வந்தவன் அதைக் கண்டுபிடித்துவிட்டான். பத்து இலக்கம் இருந்தால்தான் ஏற்கும் என்று மாற்றினான். சேச்சி பத்து சைபர் போட்டார். ஒரே இலக்கம் திரும்பத் திரும்ப வரக் கூடாது என்று மாற்றினான். சேச்சி ஒன்பதிலிருந்து சைபர் வரை வரிசையாக இறங்கி எழுதினார். அதையும் அடைத்தான். ஒவ்வொரு முறை அடைத்ததும் மூன்றாம் கவுன்ட்டருக்கு வந்து, "அப்டேட் பண்ணியிருக்கேன், பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போவான். சொல்லும்போது லேசாகச் சிரிப்பான். அந்தச் சிரிப்பை நான் பார்த்தேன். அதனால் சேச்சி பின்னால் செய்ததை முழுக்க அவர் தலையில் மட்டும் போட எனக்கு மனசு வராது.

கடைசியில் சேச்சி முறைப்படி போனார். பவுலோஸ் சாருக்கு ஒரு பக்கம் கடிதம் எழுதினார். ஆள் இல்லாதவனுக்கு அந்தக் கட்டத்தைக் காலியாக விட வழி வேண்டும், காலியாக இருந்தால்தான் உள்ளே இருக்கிறவர்களுக்கு விஷயம் புரியும் என்று எழுதியிருந்தார். சார் நியாயமான மனுஷன். ஒத்துக்கொண்டு விபின்தாஸுக்குச் சொன்னார். மூன்று நாள் கழித்துப் பதில் வந்தது: கட்டாயம் நீக்கப்பட்டுவிட்டது.

நீங்கவில்லை. நட்சத்திரம் மட்டும் போயிருந்தது. காலியாக விட்டால் அதே குமிழ் முளைத்தது. சேச்சி போன் செய்தார்.

"எடுத்துட்டேன்னு சொன்னியாமே?"

"எடுத்துட்டேன் சேச்சி. உங்க மெஷினை ஒருதடவை அணைச்சுப் போடுங்க."

"மூணு தடவை போட்டாச்சு."

"என் மெஷின்ல நட்சத்திரமே இல்லையே."

"நட்சத்திரத்தை யாருடா கேட்டா? காலியா விட்டு அழுத்திப் பாத்தியா?"

அவன் போனை வைத்துவிட்டான். வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் இந்தப் பேச்சு வந்தபோது, பவுலோஸ் சாருக்கு எதிரிலேயே, "அந்தச் சேச்சிக்கு மவுஸே சரியா பிடிக்கத் தெரியாது சார். இந்த வயசுல கஷ்டம்தான்" என்றான். கூட்டத்தில் இருந்த நாலு பேர் சிரித்தார்கள். ஐந்தாவது ஆள் வந்து சேச்சியிடம் சொன்னாள். அந்த ஐந்தாவது ஆள் நான்தான். அடக்கி வைத்திருக்கலாம். சொல்லிவிட்டேன்.

சேச்சி அப்போது தூக்குப் பாத்திரத்தில் மரவள்ளிக் கப்பையும் மீன் கறியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மென்று முடித்தார். தண்ணீர் குடித்தார். "சரி" என்றார். அவ்வளவுதான்.

திங்கட்கிழமை முதல் ஆள் இல்லாத நோயாளி ஒவ்வொருவனுக்கும் சேச்சி ஒரு நிஜ நம்பரை எழுத ஆரம்பித்தார். என் பக்கம் திரும்பாமலே எழுதுவார், ஆனால் திரை எனக்குத் தெரியும். சந்தேகம் வேண்டாம் என்று எங்கள் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருந்த 'கம்ப்யூட்டர் உதவிக்கு' என்ற சீட்டைப் பார்த்தேன். அதே பத்து இலக்கம். விபின்தாஸின் நம்பர்.

"சேச்சி, இது வேண்டாம்."

"அவன் பத்து இலக்கம் கேட்டான். நிஜமான நம்பரா கேட்டான். குடுக்கிறேன்."

"தெரிஞ்சா வேலை போயிடும்."

"உன் திரையைப் பாரு, பேச்சி."

நான் என் திரையைப் பார்த்தேன். ஐந்து வாரம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஐந்து வாரத்தில் முப்பத்தெட்டுப் பேருக்கு விபின்தாஸ் உறவுக்காரன் ஆனான். ரத்தப் பரிசோதனைக்கூடத்திலிருந்து அவனைக் கூப்பிட்டு, "உங்க ஆளோட ரிசல்ட் வந்திருக்கு" என்றார்கள். வார்டிலிருந்து, "உங்க ஆளுக்கு மாத்துத் துணி வேணும்" என்றார்கள். ரத்த வங்கியிலிருந்து இரண்டு பேரை அனுப்பச் சொன்னார்கள். முதலில் அவன் தன் வேலையில்தான் எங்கோ தப்பு என்று நினைத்தானாம். தான் சோதனைக்காகப் போட்டுப் பார்த்த நம்பர் எங்கோ ஒட்டிக்கொண்டு எல்லாருக்கும் போகிறது என்று ஒரு வாரம் முழுக்கத் தன் வரிகளிலேயே துருவிக்கொண்டிருந்தான். இதைப் பின்னால் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்ததைக் கேட்டபோது வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் குளித்துக்கொண்டிருந்தபோது அவன் அம்மா போனை எடுத்திருக்கிறார். முர்ஷிதாபாத்காரன் ஒருவன் அன்று இறந்திருந்தான். "உங்க ஆள் காலமாயிட்டார். உடம்பை வாங்கிக்க வரணும்" என்று எங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து சொல்லியிருக்கிறார்கள். சின்ன மகன் காலையில் பைக் எடுத்துக்கொண்டு போனவன். அந்த அம்மா அடுக்களைத் தரையில் உட்கார்ந்துவிட்டார். அந்தப் பையன் வீட்டுக்குத் திரும்பி வரும் வரைக்கும் யார் சொன்னதையும் நம்பவில்லை.

அதற்கப்புறம்தான் விபின்தாஸ் ஒவ்வொரு பதிவும் எந்தக் கவுன்ட்டரிலிருந்து வந்தது என்று பார்த்திருக்கிறான். முப்பத்தெட்டும் மூன்றாம் நம்பர்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு வந்தான். வரிசையில் பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். அவர்களைத் தள்ளிக்கொண்டு வந்து கண்ணாடியில் உள்ளங்கையால் அடித்தான்.

"என் நம்பரை எதுக்குப் போட்டீங்க?"

சேச்சி தலையைத் தூக்கவில்லை. "வரிசையில வா."

"எங்கம்மா செத்துப் போயிருப்பாங்க. தெரியுமா உங்களுக்கு? என் தம்பி செத்துட்டான்னு சொல்லியிருக்காங்க அவங்ககிட்ட."

அப்போது சேச்சி நிமிர்ந்தார். அது அவருக்குத் தெரியாது. ஒரு நிமிஷம் அவர் முகத்தில் ஏதோ ஓடியது. ஆனால் வாய் பழைய வாய்தான்.

"ஆள் இல்லாதவனுக்கு ஆள் வேணும்னு அடம் பிடிச்சது யாரு? நீதானே. அப்ப நீயே இரு."

"எடுத்துட்டேன்னு சொன்னேன்ல. உங்களுக்கு உபயோகிக்கத் தெரியலைன்னா அதுக்கு நானா பொறுப்பு? படிச்சவங்க உக்கார வேண்டிய சீட்ல உக்காந்துக்கிட்டு..."

"மரியாதையா பேசு. நீ பிறக்கறதுக்கு முந்தியே இந்தச் சீட்ல நான் உக்காந்திருக்கேன்."

"அதான் பிரச்சினையே."

அப்போது அவன் கையிலிருந்த போன் அடித்தது. அவன் அதை எங்கள் கண்ணாடிக்கு எதிரே தூக்கிப் பிடித்தான். "இதோ பாருங்க. இன்னும் வருது. மத்தியானத்திலேர்ந்து இந்த நம்பரை ஆறு தடவை வெட்டிட்டேன்." எல்லாருக்கும் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியை அழுத்தினான்.

ஒரு பெண் குரல், மூச்சு வாங்கியது. "சார், தயவுசெஞ்சு வைக்காதீங்க. தீனபந்து நாயக்கோட ஆள்தானே? ஒன்றரை மணியிலேர்ந்து கூப்பிடறோம். வயித்துக்குள்ள ரத்தம் போகுது. ஆபரேஷனுக்குக் கையெழுத்து வேணும். எங்க இருக்கீங்க?"

தீனபந்து நாயக்கை எனக்கு ஞாபகம் இருந்தது. கஞ்சாம் பக்கத்து ஒரியாக்காரன், முப்பத்தைந்து வயசு இருக்கும். மரத்தகடு அடுக்கு சரிந்து இடுப்பில் விழுந்தது என்று பன்னிரண்டு மணி வாக்கில் ஒரு ஆட்டோ டிரைவர் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனான். அப்போது நடந்துதான் வந்தான். சேச்சி அவனிடம் ஒரியாவில் ஊர், போஸ்ட், ஜில்லா எல்லாம் கேட்டு எழுதினார். கடைசிக் கட்டத்தில் விபின்தாஸின் நம்பரை எழுதினார்.

சேச்சி எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சுவரில் இடித்தது. பதினேழு வருஷத்தில் அவர் வேகமாக நடந்து நான் பார்த்ததில்லை. அன்றைக்கு ஓடினார். ஐம்பத்தாறு வயசுக்காரி, ஒரு கையால் சேலைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மாடிப்படியில் ஓடினார். விபின்தாஸ் ஒன்றும் புரியாமல் பின்னால் ஓடினான். நானும் போனேன்.

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் அறுவை டாக்டர் கையுறையோடு நின்றார். ஆபரேஷன் தியேட்டர் அவருக்காகத் திறந்தே இருந்தது.

"நாயக்கோட ஆள் யாரு?" என்றார்.

"யாரும் இல்லை டாக்டர்" என்றார் சேச்சி. மூச்சு இரைத்தது. "அவனுக்கு யாரும் இல்லை. அது பொய் நம்பர். நான் போட்டது."

டாக்டர் அவரைப் பார்த்த பார்வையை என்னால் எழுத முடியாது. "ஆள் இல்லைன்னு இருந்தா ஒன்றரைக்கே நானும் இன்னொருத்தரும் கையெழுத்துப் போட்டு உள்ள கொண்டு போயிருப்பேனே. நம்பர் இருக்கு, ரிங் போகுது, எடுத்து வைக்கிறான், இதோ வந்துடுவான்னு நினைச்சு ஒன்றரை மணி நேரம் நிக்கிறோம் இங்க."

சிஸ்டர் அதற்குள் விபின்தாஸ் கையில் காகிதத்தைத் திணித்துவிட்டாள். அவன் கையில் இன்னும் அணைக்காமல் இருந்த போனை வைத்து, அந்த நம்பருக்குரிய ஆள் இவன்தான் என்பது மட்டும்தான் அவளுக்குத் தெரிந்தது. பேனாவையும் கொடுத்தாள். அவன் "நான் இல்லை, நான் இல்லை" என்றான். தள்ளுவண்டி எங்களைத் தாண்டிப் போனது. தீனபந்துவின் உதடு வெளுத்து, காகிதம் போல இருந்தது. விபின்தாஸ் அந்த முகத்தைப் பார்த்தான். அதற்கப்புறம் 'இல்லை' என்று சொல்வதை நிறுத்தினான். சுவரில் காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டான். கீழே 'நோயாளிக்கு என்ன உறவு' என்று ஒரு வரி இருந்தது. பேனா அங்கே கொஞ்ச நேரம் நின்றது. ஒன்றும் எழுதாமல் கொடுத்துவிட்டான். சிஸ்டர் வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினாள். காகிதம் அல்லவா, வாங்கிக்கொண்டது.

தீனபந்து பிழைத்தான். மண்ணீரலை எடுத்துவிட்டார்கள். இருபத்து மூன்று நாள் கிடந்தான். ஒன்றரைக்கே கொண்டுபோயிருந்தால் ஒரு வாரத்தில் எழுந்திருப்பான் என்று டாக்டர் பிறகு எழுதிக்கொடுத்தார். அவன் கண் விழித்த அன்று சேச்சி வார்டுக்குப் போய், கூட வேலை செய்யும் ஒருவனைப் பிளைவுட் கம்பெனியிலிருந்து வரவழைத்து, அவன் போனில் கஞ்சாமில் இருந்த அண்ணன் நம்பரைத் தேடி எடுத்து, தானே பேசி வரச் சொன்னார். ஒரு மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கீழே வந்து நாற்காலியில் உட்கார்ந்து, "அன்னிக்கே இதைச் செஞ்சிருக்கலாம்டி" என்றார். "அவனுக்கு ஆள் இருந்தது. நான்தான் தேடலை. அந்தக் கம்ப்யூட்டர் பயலை வதைக்கறதுலேயே இருந்துட்டேன்." அவர் என்னிடம் கடைசியாக மனசுவிட்டுப் பேசியது அதுதான்.

அடுத்த வாரம் விசாரணை. பவுலோஸ் சார், தலைமை டாக்டர், விபின்தாஸ், அவனுடைய கம்பெனியிலிருந்து அவனுக்கு மேலே இருந்த ஷாஹினா என்ற பெண். சேச்சி எதையும் மறைக்கவில்லை. முப்பத்தெட்டுப் பேர் என்று அவரே எண்ணிச் சொன்னார். ஏன் செய்தீர்கள் என்று கேட்டதற்கு, "ஆத்திரம்" என்றார். வேறு காரணம் சொல்லவில்லை.

பிறகு பவுலோஸ் சார் என்னைக் கூப்பிட்டார். "பக்கத்துச் சீட்ல இருக்கீங்க. உங்களுக்குத் தெரியாதா?"

எனக்கு இரண்டு பெண்கள் படித்துக்கொண்டிருந்தார்கள். புருஷனுக்கு அப்போது வேலை இல்லை. இதெல்லாம் காரணமா என்று கேட்டால், ஆமாம், காரணம்தான். "தெரியாது சார்" என்றேன்.

சேச்சி திரும்பி என்னை ஒருமுறை பார்த்தார். கோபமாகக்கூட இல்லை. வரிசையில் முதல்முறையாக வந்து நிற்கிற ஆளைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

ஷாஹினா அதுவரைக்கும் பேசவில்லை. தன் கம்ப்யூட்டரில் எங்கள் பக்கத்தைத் திறந்து, உள்ளே இருந்த வரிகளைப் படித்துக்கொண்டிருந்தாள். அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டு அழுத்தினாள். குமிழ் முளைத்தது. விபின்தாஸைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"இதை எடுத்துட்டேன்னு எழுதியிருக்கீங்க."

"எடுத்துட்டேன் மேடம். 'ரிக்வயர்ட்' பக்கத்துல 'ஃபால்ஸ்'னு குடுத்திருக்கேன் பாருங்க."

"அந்த வார்த்தைக்கு உண்டு, இல்லைங்கிற பேச்சே கிடையாது விபின். அந்த வார்த்தை இருந்தாலே கட்டாயம். பக்கத்துல 'இல்லை'ன்னு எழுதினாலும் கட்டாயம்தான். வேண்டாம்னா அந்த வார்த்தையையே அழிக்கணும். இது முதல் மாசம் படிக்கிற பாடம்." அவள் குரலை உயர்த்தவே இல்லை. "காலியா விட்டு அழுத்திப் பாத்தீங்களா?"

அவன் கழுத்து அடையாள அட்டையைத் திருப்பிக்கொண்டிருந்தான்.

"இவங்க போன்ல அதைத்தானே கேட்டாங்க?"

ஷாஹினா அந்த வார்த்தையை அழித்தாள். கட்டத்தைக் காலியாக விட்டு அழுத்தினாள். பக்கம் நகர்ந்தது. மொத்தம் ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. சேச்சி அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். தனக்குக் கிடைக்கப்போகும் தண்டனையைக் கேட்டபோது அவர் முகம் மாறவில்லை. அந்த ஒரு நிமிஷத்தைப் பார்த்தபோதுதான் மாறியது.

அவரைக் கவுன்ட்டரிலிருந்து எடுத்து, கீழ்த்தளத்தில் பழைய ஆவணங்கள் வைக்கும் அறைக்கு மாற்றினார்கள். விபின்தாஸை எங்கள் ஆஸ்பத்திரி வேலையிலிருந்து கம்பெனி விலக்கியது. சேச்சி தனக்கு எழுத்து மூலம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று அவன் கேட்டிருந்தான். சேச்சி எழுதவில்லை. ஒரு சனிக்கிழமை ஷாஹினாவிடம் முகவரி வாங்கிக்கொண்டு, அவளையும் துணைக்கு அழைத்துக்கொண்டு திரிப்பூணித்துறைக்குப் போனார். ஷாஹினா பிறகு என்னிடம் சொன்னாள். அந்த அம்மா பால் இல்லாத கட்டன் சாயா போட்டுக் கொடுத்தாராம். சேச்சி குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே, "உங்களை அழ வச்சது நான்தான். தப்பு. மன்னிக்கணும்" என்றாராம். உள் அறையின் கதவு சாத்தியிருந்தது. அந்த அம்மா, "மோனே, வெளிய வா, வந்திருக்காங்க" என்று இரண்டு தரம் கூப்பிட்டார். அவன் வரவில்லை.

"நான் உங்ககிட்டத்தான் கேக்க வந்தேன். அவன்கிட்ட இல்லை" என்று சேச்சி எழுந்துவிட்டாராம்.

அடுத்து வந்த மாற்றத்தில் அந்தக் கட்டத்துக்குப் பக்கத்தில் 'உறவினர் யாரும் இல்லை' என்று குறியிடும் இடம் ஒன்றை வைத்தார்கள். இரண்டில் ஒன்று கட்டாயம். கீழ்த்தளத்தில் இதைக் கேள்விப்பட்ட சேச்சி, "நோவுல நிக்கிறவனைப் பாத்து உனக்கு யாரும் இல்லையான்னு கேட்டு, அவன் வாயாலேயே இல்லைன்னு சொல்ல வச்சு, அதுக்கு ஒரு டிக் போடணுமாக்கும். சும்மா விட்டா என்னவாம்?" என்று அங்கிருந்த உதவியாளரிடம் திட்டித் தீர்த்தாராம். என்னிடம் சொல்லவில்லை. அவர் என்னோடு பேசுவதை நிறுத்தியிருந்தார். பஸ் நிறுத்தத்தில் பக்கத்தில் நின்றாலும், லிஃப்டில் இரண்டு பேர் மட்டும் இருந்தாலும், பேச மாட்டார். முகத்தைத் திருப்பிக்கொள்வதும் கிடையாது. நான் நிற்கும் இடத்தில் சுவர் இருப்பது போலப் பார்ப்பார்.

இரண்டு வருஷம் அப்படிப் போனது. அவர் ஓய்வு பெறும் நாளில் விழா வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மத்தியானம் நான் பொட்டலத்தில் வாழைப்பழத்தில் செய்த பழம்பொரி வாங்கிக்கொண்டு கீழே போனேன். என்ன சொல்ல வேண்டும் என்று படிக்கட்டில் பத்துத் தரம் சொல்லிப் பார்த்திருந்தேன். அவர் மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சேச்சி, அன்னிக்கு நான் தெரியும்னு சொல்லியிருக்கணும்" என்றேன்.

அவர் துடைப்பதை நிறுத்தவில்லை. உதவியாளரைப் பார்த்து, "யாரோ ஏதோ கொண்டுவந்திருக்காங்க. யாரு, என்ன வேணும்னு கேளு" என்றார்.

உதவியாளர் பாவம், என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். நான் பொட்டலத்தை மேஜையின் ஓரத்தில் வைத்துவிட்டு மேலே வந்தேன். நாலு மணிக்குக் குடையும் தூக்குப் பாத்திரமுமாக அவர் எங்கள் கவுன்ட்டரைத் தாண்டிப் போனார். மூன்றாம் நம்பரில் இருந்த புதுப் பெண்ணிடம் நின்று, வரிசையில் இருந்த அசாம்காரனின் பெயரை அவள் தப்பாக எழுதியிருப்பதைத் திரையில் விரலால் தட்டிக் காட்டினார். அவள் திருத்தும் வரை நின்றார். பிறகு வெளியே போய்க் குறுப்பம்படி பஸ்ஸில் ஏறிவிட்டார்.